ஞாயிற்றுக்கிழமை அளவு

பிப்ரவரி 4

அன்புள்ள ஸ்குரூ,

நீ, உன் மனைவி, குட்டி எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே என் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம். அது அதுபாட்டுக்கு வலிக்கிறது, நான் என்பாட்டுக்கு நடக்கிறேன்.

போன் இருக்கும்போது அக்கா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று சிரிப்பாய். சிரித்துவிட்டு மேலே படி. இந்த வீட்டில் இப்போது போனில் எதையும் மறைக்க முடியாது. கல்யாணமான இத்தனை வருஷத்தில் என் போனை ஏறெடுத்தும் பார்க்காத உன் மாமா, இப்போது யார் எதை அனுப்பினாலும் "என்ன வந்திருக்கு, படி" என்கிறார். நான் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும். பேசலாம் என்றால் தொட்டிகள் இருக்கிற மீன் அறைக்கும் சமையலறைக்கும் நடுவில் இருப்பது ஒரு பலகை. அதனால் நீ பதிலைப் பக்கத்துத் தையல்கார அக்காவின் கடை விலாசத்துக்குப் போடு. அவள் பிரித்துப் படிக்க மாட்டாள். படித்தாலும் புரியாது.

விஷயம், நீ செய்து கொடுத்த கன்ட்ரோலர். பெரிய உப்புத் தண்ணீர்த் தொட்டியில் வளர்கிற பவளத்துக்கு வேண்டிய கால்சியம், சோடா உப்பு, மெக்னீசியம் கரைசல் மூன்றையும் மூன்று குட்டி பம்ப் சொட்டுச் சொட்டாக விடுகிறதே, அதில்தான் கோளாறு. மூன்று பாட்டிலும் ஒரே மாதிரி இறங்க வேண்டும். இப்போது இடது பக்கத்துக் கால்சியம் இறங்கவே மாட்டேன் என்கிறது. நடுவில் உள்ள சோடா குடிகாரன் கையில் கிடைத்த மாதிரி காலியாகிறது. போன மாதம் இது தலைகீழாக இருந்தது. பவளங்களின் நுனியெல்லாம் வெளுத்துப்போய்விட்டது. நான் வெட்டி ஒட்டி வளர்த்து விற்கிற துண்டுகள் பாதி விரிவதில்லை.

ஒரு மாதம் ஒன்று, அடுத்த மாதம் இன்னொன்று என்றால் அது இயந்திரத்தின் குணமா? மனுஷக் கை படாமல் இப்படி நடக்குமா? ஒரு ஹோட்டல்காரர் இரண்டு தடவை வந்து, வரவேற்பறையில் வைக்கப் பெரிய தொட்டியை அப்படியே கேட்டுவிட்டுப் போனார். நான் முடியாது என்றேன். உன் மாமா "யோசிக்கலாம்" என்றார். எனக்கு அந்த வார்த்தை பிடிக்கவில்லை.

உடனே பதில் போடு. குட்டிக்கு என் முத்தம்.

உன் அக்கா


பிப்ரவரி 13

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி ஸ்குரூ எழுதுவது. மூவரும் நலம். குட்டிக்குப் பல் விழுந்துவிட்டது, அதைத் தவிர வீட்டில் எதுவும் கழன்று விழவில்லை. உன் முழங்காலுக்கு மருந்து கேட்டு நீ எனக்கு எழுதினதில்லை, பம்புக்கு மட்டும் எழுதுகிறாய்.

முதலில் டியூபைச் சந்தேகப்படு, அப்புறம் ஆளைச் சந்தேகப்படலாம். பம்புக்குள்ளே உருளைகள் ரப்பர் டியூபை நசுக்கி நசுக்கித்தான் கரைசலைத் தள்ளுகின்றன. நசுங்கி நசுங்கி அது தட்டையாகிவிட்டால் அளவு குறையும். எடுத்துப் பார், வட்டமாக இல்லாமல் சப்பையாக இருந்தால் மூன்றையும் மாற்றிவிடு. சோடா டியூபின் நுனியில் வெள்ளையாகக் கட்டி இருந்தால் சுரண்டிவிட்டுத் தண்ணீர் படாத உயரத்தில் மாட்டு. பாட்டில்கள் தொட்டித் தண்ணீர் மட்டத்தைவிட உயரத்தில் இருந்தால் பம்ப் நின்ற பிறகும் தானாக ஒழுகும். கீழே இறக்கி வை.

இதெல்லாம் முடிந்ததும் ஒவ்வொரு பம்பையும் பத்து மில்லி விடச் சொல்லி, கோடு போட்ட அளவுக் குழாயில் பிடி. மூன்றும் ஒரே கோட்டில் நின்றால் பம்ப் நிரபராதி.

மாமா வரைபட ஆபீஸில் முப்பது வருஷம் கோடு போட்டவர். கொஞ்சம் துருவுவார். அதற்காக அவரை வில்லன் ஆக்காதே. கேட்டதாகச் சொல்.

தம்பி


மார்ச் 1

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் சுகம்தானே? இங்கே நாங்கள் நலம் என்று எழுத வேண்டும். எழுதிவிட்டேன்.

நீ சொன்னதை ஒன்று விடாமல் செய்தேன். டியூப் மூன்றும் சப்பைதான். மாற்றினேன். நுனி சுரண்டினேன். பாட்டில்கள் ஏற்கெனவே கீழேதான் இருக்கின்றன. ஒரு செவ்வாய்க்கிழமை அவர் வெளியே போனதும் மூன்றையும் அளந்தேன். பத்து, பத்து, பத்து. கோட்டின்மேல் கோடு. எனக்கு ஒரே சந்தோஷம், உன்னை மனசுக்குள் கொஞ்சிக்கூட விட்டேன்.

அடுத்த செவ்வாய் மறுபடி அளந்தேன். கால்சியம் எட்டு. சோடா பன்னிரண்டரை. மெக்னீசியம் பத்து.

நடுவில் என்ன நடந்தது? ஞாயிற்றுக்கிழமை நடந்தது. மாதத்துக்கு ஒரு ஞாயிறு உன் மாமா உட்கார்ந்து மூன்று பம்புக்கும் அளவு திருத்துவார், உனக்குத் தெரியும். கதவைச் சாத்திக்கொண்டு திருத்தினார். திருத்தினதும் கெட்டது. அதாவது, கெட்டுப்போய்த் திருத்தவில்லை, திருத்திக் கெடுத்திருக்கிறார்.

தெரியாமல் நடந்திருக்கும் என்று சொல்லாதே. நூலிழை பிசகினாலும் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக வரைகிற மனுஷன் அவர். எட்டையும் பத்தையும் குழப்புகிற ஆளா?

நான் இப்போது கண்கொத்திப் பாம்பு மாதிரி அவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பார்த்ததை எழுதுகிறேன். ஒன்று, ஸ்கூட்டரைத் தொடுவதில்லை. "நடந்தா உடம்புக்கு நல்லது" என்கிறார். நேற்றுவரை தெருமுனைக்குக்கூட வண்டியில் போனவர். இரண்டு, வியாழக்கிழமைகளில் சட்டையை மாற்றிக்கொண்டு எங்கேயோ போகிறார். கேட்டால் "சும்மா, ஒருத்தரைப் பார்க்கணும்." யார் அந்த ஒருத்தர்? ஹோட்டல்காரர்தான் என்று என் மனசு சொல்கிறது. மூன்று, இதுதான் என்னை அறுக்கிறது. என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. என்ன கேட்டாலும் என் காதுப் பக்கம் பார்த்துக்கொண்டு பதில் சொல்கிறார். தப்புப் பண்ணினவன்தான் அப்படிப் பார்ப்பான்.

தொட்டி போனால் இன்னொரு தொட்டி வைப்பேன். ஆனால் என் பவளத்தை என் கண் முன்னாலேயே சாகவிட்டு, "பார், இது நமக்குச் சரிப்படாது, வித்துடலாம்" என்று சொல்லத்தான் இந்த நாடகம் என்றால், நான் இந்த வீட்டில் இருக்க மாட்டேன். உன் வீட்டில் ஒரு கட்டில் போட இடம் இருக்கிறதா என்று உன் மனைவியிடம் கேட்டு வை. விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

உன் அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். கட்டிலுக்கு இடம் இருக்கிறது, உன் வாய்க்குத்தான் இடம் போதாது.

கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டு கேள். அளவு திருத்துவது என்றால் என்ன? பத்து மில்லி விடு என்று பம்பிடம் சொல்கிறோம். வந்ததைக் குழாயில் பிடித்து, எத்தனை என்று பார்த்து, அந்த எண்ணைக் கன்ட்ரோலரில் போடுகிறோம். வந்தது பத்து, நாம் பன்னிரண்டு என்று போட்டால், "ஓகோ, நான் அதிகம் விடுகிறேன்" என்று அது குறைத்துக்கொள்ளும். எட்டு என்று போட்டால் கூட்டிக்கொள்ளும். பாவம், அதற்குப் பொய் தெரியாது. கொடுத்த எண்ணை வேதவாக்காக எடுத்துக்கொள்ளும்.

ஆகவே பம்ப் நன்றாக இருக்கிறது, எண் தப்பு. இதுவரை உன் பக்கம் நியாயம். ஆனால் எண் ஏன் தப்பு என்பது வேறு கேள்வி. குழாயை மேசையில் வைக்காமல் கையில் பிடித்துச் சாய்வாகப் பார்க்கிறாரா? வெளிச்சம் போதுமா? தொட்டியின் நீல விளக்கில் கோடு சரியாகத் தெரியாது.

நேராக அவரிடமே கேட்டுவிடேன். உனக்குக் கூச்சமாக இருந்தால் நானே போன் போட்டு, பம்பைப் பற்றி விசாரிக்கிற மாதிரி மெதுவாகக் கேட்கிறேன்.

தம்பி


மார்ச் 16

தம்பி,

சுகம். நீயும் சுகமாக இரு. போன் மட்டும் போடாதே. கேட்டால் உஷாராகிவிடுவார். கையும் களவுமாகப் பிடிக்கிறவரைக்கும் நீ எதுவும் தெரியாதவனாக இரு. வெளிச்சம் எல்லாம் போதும். குழாயை மேசையில்தான் வைக்கிறார்.

அக்கா


ஏப்ரல் 14

தம்பிக்கு,

நீ நலமா என்று இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன். ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. தினம் தையல் கடைக்குப் போய்ப் பல்லிளித்துவிட்டு வருகிறேன். எனக்கு ஏதோ வெளியில் சொல்ல முடியாத விவகாரம் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். தைக்கிற துணியை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறாள்.

உன் மாமா குளிக்கப் போயிருந்தபோது அவர் போனைப் பார்த்தேன். ஆமாம், பார்த்தேன், அதற்கு என்ன இப்போது? மார்ச் கடைசியில் ஒரு வியாழக்கிழமை அவர் உன்னோடு பேசியிருக்கிறார். சும்மா ஒரு நிமிஷம் இல்லை, குட்டிக்குக் கதை சொல்லித் தூங்கவைக்கிற அளவு நேரம். வீட்டிலிருந்து பேசவில்லை, வெளியே போன இடத்திலிருந்து பேசியிருக்கிறார். வீட்டுக்கு வந்து என்னிடம் மூச்சு விடவில்லை. நீயும் எழுதவில்லை. அன்றைக்கு அப்புறம்தான் உன் கடிதம் நின்றிருக்கிறது.

நான் முட்டாள் இல்லை. கன்ட்ரோலரைச் செய்தவன் நீ. அதில் எண்ணை மாற்றினவர் அவர். நடுவில் பேச்சு. இனிமேல் நான் என்ன நினைக்க வேண்டும் என்று நீயே சொல். அந்த ஹோட்டல்காரர் உனக்கும் தெரிந்தவரா? தொட்டியோடு கன்ட்ரோலரையும் சேர்த்துக் கேட்டாரா?

இப்படி எழுதும்போதே எனக்கு வெட்கமாக இருக்கிறது. உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவள் நான். ஆனால் சந்தேகம் வந்துவிட்டது தம்பி, வந்ததை வரவில்லை என்று சொல்ல எனக்குத் தெரியாது.

அக்கா


ஏப்ரல் 22

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். வேலை அதிகம், அதனால் எழுத முடியவில்லை. மாமா பேசினார், உண்மைதான். பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தோம். ஹோட்டல்காரர் யாரையும் எனக்குத் தெரியாது. குட்டி மேல் ஆணை.

நான் சொல்கிற மூன்று காரியத்தை மட்டும் செய். ஏன் என்று கேட்காதே. இனிமேல் ஞாயிற்றுக்கிழமை அளவை நீயே எடுத்து எண்ணை நீயே போடு. பாட்டில்களை எக்காரணம் கொண்டும் இடம் மாற்றாதே, கால்சியம் இடது, சோடா நடுவு, மெக்னீசியம் வலது, எப்போதும் இருக்கிற மாதிரியே இருக்கட்டும். மூன்றாவது, மாமாவிடம் எதையும் தோண்டித் துருவாதே. ஜூனில் எனக்கு லீவு கிடைக்கும். நான் வந்து பேசுகிறேன்.

படிக்கட்டில் காலி வாளிகளை அடுக்கி வைக்கிற பழக்கம் இன்னும் இருக்கிறதா? எடுத்துவிடு. மாடிப்படியில் ஒரு நல்ல பல்பும் போடு. உனக்கு முழங்கால் வலி வேறு.

உடம்பைப் பார்த்துக்கொள். மாமாவையும்.

தம்பி


மே 5

தம்பிக்கு,

நீ குடும்பத்தோடு நன்றாக இரு. உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். அதில் என் தம்பியைக் காணோம். யாரோ ஆபீசர் எழுதின மாதிரி இருக்கிறது. எதையும் "ஏன் என்று கேட்காதே" என்று நீ என்னிடம் சொன்னதே இல்லை. சின்ன வயசில் நீதான் ஏன் ஏன் என்று கேட்டு என் தலையைத் தின்றாய். ரேடியோவை ஏன் பிரித்தாய் என்று நான் கேட்டால் அதற்கும் ஏன் என்பாய்.

போன ஞாயிறு உன் பேச்சைக் கேட்டு, "இந்த மாசம் அளவு நான் எடுக்கிறேன்" என்று சொல்லிப் பார்த்தேன். உன் மாமாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அது என் வேலை" என்று கத்தினார். அவர் என்னிடம் குரல் உயர்த்தினதே இல்லை. கதவைச் சாத்திக்கொண்டார். இப்போது மெக்னீசியமும் கெட்டது.

சரி, பாட்டிலுக்கு வருகிறேன். எங்கேயோ இருக்கிற உனக்கு, என் வீட்டில் எந்தப் பாட்டில் எந்தப் பக்கம் இருந்தால் என்ன? ராத்திரி பகலாக யோசித்தேன். எனக்கு ஒன்றுதான் தோன்றுகிறது. நீங்கள் இரண்டு பேரும் பேசிவைத்து அந்த வரிசையில் ஏதோ செய்திருக்கிறீர்கள்.

அதனால் இன்றைக்கு மாற்றிவிட்டேன். கால்சியம் பாட்டிலையும் சோடா பாட்டிலையும் டியூபோடு சேர்த்து இடம் மாற்றி வைத்தேன். டியூபும் கூடவே மாறினதால் பம்புக்கு ஒரு கெடுதலும் இல்லை, அவ்வளவு விவரம் எனக்கும் உண்டு. பாட்டிலின் மேல் கொட்டை எழுத்தில் பெயர் ஒட்டியிருக்கிறது, கண்ணுள்ள யாரும் ஏமாற முடியாது. நாளை புதன், அவர் புதுக் கரைசல் ஊற்றுகிற நாள். மனசில் கள்ளம் இல்லாதவர் "யார் மாத்தினது?" என்று என்னிடம் கேட்பார். கள்ளம் இருந்தால் சத்தம் போடாமல் திரும்பப் பழையபடி வைப்பார். நான் துண்டுப் பவளங்களைக் கடைகளுக்குக் கொடுக்கப் போய்விட்டுச் சாயங்காலம் வந்து பார்ப்பேன்.

பழையபடி இருந்தால் பெட்டி கட்டுகிறேன். ஆனால் உன் வீட்டுக்கு வரமாட்டேன்.

அக்கா


மே 7

தம்பி,

உன் நலம் கேட்கவில்லை. எனக்கு உன் மேல் அவ்வளவு கோபம்.

நேற்றுச் சாயங்காலம் வந்து மீன் அறைக் கதவைத் திறந்தேன். பெரிய தொட்டி இருந்த இடத்தில் ஒரு வெள்ளைச் சுவர் நின்றது. தண்ணீர் முழுக்கப் பால் ஊற்றின மாதிரி. ஒரு மீன் தெரியவில்லை, ஒரு பவளம் தெரியவில்லை. கீழே பாட்டில்களைப் பார்த்தேன். நான் வைத்த இடத்திலேயே இருந்தன. இரண்டுக்குள்ளும் தயிர் மாதிரி திரிந்து கிடந்தது. இடது கைப் பக்கம் இருந்த சோடாவில் கால்சியத்தை ஊற்றியிருக்கிறார். நடுவில் இருந்த கால்சியத்தில் சோடாவை ஊற்றியிருக்கிறார். இரண்டும் கலந்தால் சுண்ணாம்பு என்று நீதான் எங்கள் இரண்டு பேருக்கும் சொல்லிக்கொடுத்தாய். பம்ப் பாட்டுக்குப் பகல் முழுக்கச் சுண்ணாம்பைத் தொட்டிக்குள் தள்ளியிருக்கிறது.

அவர் தொட்டிக்கு எதிரே ஸ்டூல் போட்டு, மோவாயைக் கையில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் வந்த சத்தம் கேட்டுச் சிரித்தார்.

"வந்துட்டியா? வா, வந்து பாரு. இன்னிக்கி எல்லாம் நல்லா விரிஞ்சிருக்கு."

எனக்கு ரத்தம் கொதித்தது. "என்ன, நக்கலா?" என்று கத்தினேன். "கொன்னுட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறீங்களா?"

அவர் எழுந்துவிட்டார். வழக்கம்போல என் காதுப் பக்கம் பார்த்தார். "என்ன ஆச்சு? எது செத்துச்சு?" என்றார். அந்தக் குரலில் நடிப்பு இல்லை தம்பி. பயம்தான் இருந்தது.

"தண்ணி எப்படியிருக்கு, சொல்லுங்க" என்றேன்.

வகுப்பில் பாடம் படிக்காத பையன் மாதிரி, "தெளிவா இருக்கு" என்றார். என் மூச்சிலிருந்தே அது தப்பான பதில் என்று தெரிந்துகொண்டு, "இல்லையா?" என்றார்.

"வெள்ளையா இருக்குங்க. சுவர் மாதிரி வெள்ளை."

அவர் கையை நீட்டிக் கண்ணாடியைத் தொட்டார். "எனக்குக் கொஞ்ச நாளா எதைப் பார்த்தாலும் நடுவுல இப்படித்தான் இருக்கு" என்றார். "ஓரம் தெரியுது. நடு தெரியல. அதான் வித்தியாசம் தெரியாம போச்சு."

வியாழக்கிழமைகளில் அவர் பார்க்கப் போன அந்த ஒருத்தர் கண் டாக்டர். என் காதைப் பார்த்தது, அப்படிப் பார்த்தால்தான் ஓரத்தில் என் முகம் தெரியும் என்பதற்காக. போனைப் படிக்கச் சொன்னதும் அதனால்தான். இதெல்லாம் அவர் ஒவ்வொன்றாகச் சொல்லவில்லை. நானே ஒவ்வொன்றாக நினைத்து நினைத்து அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து தண்ணீர் மாற்றினோம். கலக்கி வைத்திருந்த உப்புத் தண்ணீர் பீப்பாய் முழுவதையும் ஊற்றினோம். வாளிகளை அவர்தான் தூக்கினார், ஒரு சொட்டுச் சிந்தாமல். மீன்கள் பிழைத்தன. பெரிய பச்சைப் பவளம் இன்னும் சுருங்கியே கிடக்கிறது. அது தேறும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

நீ எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு "பாட்டிலை இடம் மாற்றாதே" என்று எழுதினாய். "மாமாவுக்குக் கண் தெரியவில்லை" என்று எழுதக் கை வரவில்லையா உனக்கு? பல்ப் போடச் சொல்லத் தெரிந்தது. வாளியை எடுக்கச் சொல்லத் தெரிந்தது. உன் அக்கா எப்படிப்பட்டவள் என்று தெரியாதா? தொடாதே என்றால் தொடுவேன் என்று தெரியாதா?

பாட்டிலை மாற்றினது நான்தான் என்று அவரிடம் இன்னும் சொல்லவில்லை. தன் கைதான் தவறிவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அக்கா


மே 17

அன்புள்ள அக்காவுக்கு,

உன் இரண்டு கடிதமும் சேர்ந்தாற்போல் கிடைத்தன. முதலாவதைப் படித்ததும் போனை எடுத்தேன். இரண்டாவதைப் படித்துவிட்டுக் கீழே வைத்தேன்.

நீ போட வேண்டாம் என்று எழுதின கடிதம் வருவதற்கு முன்பே நான் மாமாவுக்குப் போன் போட்டுவிட்டேன். எடுத்தவர், "பம்ப் எல்லாம் நல்லாத்தான் ஓடுது" என்று சொல்லி வைத்துவிட்டார். அப்புறம் அந்த வியாழக்கிழமை டாக்டர் வீட்டு வாசலிலிருந்து அவரே கூப்பிட்டார். நான் ஒரு கேள்வி கேட்டேன், அவ்வளவுதான், அத்தனையும் கொட்டிவிட்டார். கொட்டிவிட்டு என் வாயையும் கட்டிவிட்டார். "அவளுக்குத் தெரிஞ்சா என்னைத் தொட்டிப் பக்கமே விடமாட்டா. கோடு போடுற வேலையும் போச்சு, வண்டியும் போச்சு, இதுவும் போச்சுன்னா நான் நாள் முழுக்க என்னடா பண்றது?" என்று கேட்டார். பாட்டிலைத் தடவி, இடத்தை வைத்துத்தான் ஊற்றுகிறேன் என்றார். நான் என்ன செய்ய? அவருக்குக் கொடுத்த வாக்கையும் காப்பாற்றி, உன் பவளத்தையும் காப்பாற்றலாம் என்று பார்த்தேன். இரண்டும் போயிற்று.

கண்ணுக்குப் போடுகிற ஊசி மேலும் கெடாமல் பிடித்து வைக்குமாம், போனது திரும்பாதாம். இனி அவரைத் தனியாக அனுப்பாதே.

அளவைப் பேசிச் சொல்கிற தராசு ஒன்று இருக்கிறது. குழாயை அதன் மேல் வைத்தால் எண்ணை வாய்விட்டுச் சொல்லும். கன்ட்ரோலரோடு சேர்த்துக் கட்டித் தருகிறேன். யார் தயவும் இல்லாமல் அவரே பண்ணலாம். ஜூன் கடைசியில் கொண்டுவருகிறேன்.

இன்னும் கோபமாக இருந்தால் திட்டியாவது எழுது. எழுதாமல் இருக்காதே.

தம்பி


ஜூன் 11

அன்புள்ள ஸ்குரூ,

நீங்கள் மூவரும் நலமாக இருக்க வேண்டும், இதை முழு மனசோடு எழுதுகிறேன். கோபம் பாதி தீர்ந்துவிட்டது. மீதியை நீ வரும்போது நேரில் வைத்துக்கொள்ளலாம். இனிமேல் வீட்டு விலாசத்துக்கே எழுது. உன் மாமாவுக்கு நான்தான் படித்துக் காட்டுவேன், ஆகவே என்னைப் பற்றி ஒழுங்காக எழுது. தையல்கார அக்காவுக்குத்தான் ஏமாற்றம், என் விவகாரம் இப்படி முடிந்ததில்.

பச்சைப் பவளம் போய்விட்டது. கழற்றி எடுத்தோம். மற்றவை மெல்ல நிறம் பிடிக்கின்றன. வியாழக்கிழமைகளில் நானும் கூடப் போகிறேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அவருக்குத் தெருவில் போகிறவர்களைப் பற்றி வம்பளக்கிறேன், அவர் சிரிக்கிறார்.

ஹோட்டல்காரரிடம் ஏன் யோசிக்கலாம் என்றீர்கள் என்று கேட்டேன். "என் கையால கெட்டுப்போறதுக்கு முன்னாடி நல்ல கைக்குப் போகட்டும்னு நினைச்சேன்" என்றார். அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. பாட்டிலை மாற்றினது, போனைத் துருவினது, உனக்கு எழுதினது, பெட்டி கட்டுகிறேன் என்றது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் காலை, "அப்போ என் கை தப்பல, இல்ல?" என்று கேட்டார். இல்லை என்றேன். ஒரு டம்ளர் காபி கேட்டார்.

உன் பேசும் தராசைக் கொண்டுவா, ஆனால் அவசரம் இல்லை. போன ஞாயிறு அளவு எடுக்க வேண்டிய நாள். கதவைச் சாத்தப் போனவர், சாத்தாமல் என்னைக் கூப்பிட்டார். "நீ கோட்டைப் பாரு, நான் எண்ணைப் போடறேன்" என்றார். விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு நான் அளவுக் குழாயின் முன் குனிந்தேன். அவர் விரல்கள் கன்ட்ரோலரின் மேல் தயாராக இருந்தன.

"எவ்வளவு?"

"ஒன்பதரை" என்றேன். ஒன்பதரை போட்டார்.

"அடுத்தது?"

"பத்தே கால்." பத்தே கால் போட்டார்.

நான் எந்த எண்ணைச் சொன்னாலும் போட்டிருப்பார் தம்பி. நான் பொய் சொன்னால் கண்டுபிடிக்க அவருக்கு வழியே இல்லை. நாலு மாதம் அவர் பின்னாலேயே போய் ஒவ்வொன்றையும் அளந்து பார்த்தவள் நான். அது அவருக்குத் தெரியும். தெரிந்தும் "சரியாப் பார்த்தியா?" என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

மூன்றாவது குழாயில் கோடு எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. கண் முழுக்கத் தண்ணீர்.

"என்ன, கோடு தெரியலையா?" என்று கேட்டார்.

"தெரியல. கொஞ்சம் இருங்க" என்றேன்.

இருந்தார்.

குட்டியின் புதுப் பல் எப்படி வருகிறது என்று எழுது.

உன் அக்கா